எமில் கப்பான்: புனிதரும் அல்லர், மறைசாட்சியும் அல்லர், படைவீரர்களின் ஆன்மகுரு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரியப் போரில் கைதியாக இறந்த அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு எமில் கப்பானைப் பற்றித் தமிழில் எழுதப்படும்போது மூன்று பிழைகள் நுழைந்துவிடுகின்றன. அவரைப் ‘புனிதர்’ என்கிறார்கள். ‘மறைசாட்சி’, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர், என்கிறார்கள். ‘போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தார்’ என்கிறார்கள். மூன்றும் சரியல்ல. சொல் மாறினால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் சரியான சொல்லைப் பிடித்தால்தான் அவர் செய்த வேலை என்ன என்பதே விளங்கும். படைமுகாமில் ஒரு குரு என்ன செய்கிறார் என்பது நம் வாசகர்களுக்கு அதிகம் தெரியாத செய்தி. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார் என்பது. 1916 ஏப்ரல் 20, பெரிய வியாழன் அன்று, கன்சாஸ் மாநிலத்தில் பில்சன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பொகீமியாவிலிருந்து குடியேறிய செக் இன விவசாயக் குடும்பம். வேலி கட்டுவது, உடைந்த கருவியைக் கிடைத்ததை வைத்துச் சரிசெய்வது என்று பண்ணையில் பழகிய கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 1940 ஜூன் 9 அன்று விசிட்டா மறைமாவட்டத்துக்குக் குருவானார். சொந்த ஊர்ப் பங்கிலேயே பணி. 1943இல் பக்கத்து ஹெரிங்டன் விமானப்படைத் தளத்துக்குத் துணை ஆன்மகுருவாகப் போய்வரத் தொடங்கினார். 1944இல் ஆயர் விங்கல்மன் அனுமதி தந்தபின் முழுநேரப் படைப்பணி.

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். ஒரு குரு தானாகப் போய்ப் படையில் சேர்ந்துவிட முடியாது. அவர் தம் மறைமாவட்டத்துக்குச் சொந்தமானவர். ஆயர் அவரைக் கொடுத்துதவ வேண்டும். படைவீரர்களுக்கென்று உள்ள திருச்சபை நிர்வாகம் அவரை ஏற்றுச் சான்றளிக்க வேண்டும். கப்பானின் காலத்தில் அந்தப் பொறுப்பு நியூயார்க் பேராயர் ஸ்பெல்மனிடம் இருந்தது. 1985இல்தான் அது தனி உயர்மறைமாவட்டமாயிற்று. 1986இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட ஆணை உலகம் முழுவதும் உள்ள படைத்துறை மறைமாவட்டங்களுக்குச் சட்ட வடிவம் தந்தது. திருச்சபையின் சான்று ரத்தானால் படையில் அவர் குருவாகப் பணியாற்ற முடியாது. பணிக்காலம் முடிந்தால் சொந்த ஆயரிடம் திரும்ப வேண்டும். ஆக அவருக்கு எப்போதும் இரண்டு மேலதிகாரிகள். இந்த இரட்டைக் கயிற்றில் நடப்பதே படைத்துறைக் குருவின் முதல் சிரமம். சொந்த மறைமாவட்டத்தில் குருக்கள் குறைந்தால், ஆயர் முதலில் திரும்ப அழைப்பது வெளியே கொடுத்தவரைத்தான். கப்பானும் இரண்டாம் உலகப்போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பினார். வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முதுகலை முடித்தார். 1948இல் அனுமதி பெற்று மறுபடியும் படைக்குப் போனார்.

ஒரு தகவல் நம் வாசகர்களுக்கு: அவருடைய முதல் போர்முனை நம் பக்கம்தான். 1945 ஏப்ரல் முதல் 1946 மே வரை இந்தியா–பர்மா முனையில் இருந்தார். படைவீரர்கள் சிறு சிறு குழுக்களாகச் சிதறிக் கிடந்த பகுதி அது. ஜீப்பிலும் விமானத்திலுமாக மாதத்துக்கு 2,000 மைல் வரை பயணம் செய்து திருப்பலி நிறைவேற்றியிருக்கிறார். அங்கிருந்த மறைப்பணித் தளங்களுக்கும் போய் உதவியிருக்கிறார்.

ஆன்மகுருவுக்குப் பதவிச் சின்னம் உண்டு, சம்பளம் உண்டு, ஆனால் யாருக்கும் ஆணையிடும் அதிகாரம் இல்லை. அமெரிக்கப் படையில் அவர் ஆயுதம் ஏந்துவதில்லை. கூட வரும் உதவியாளர்தான் துப்பாக்கி வைத்திருப்பார். ஜீப்பை ஓட்டுவது, பீடம் அமைப்பது, குருவைக் காப்பது மூன்றும் அந்த உதவியாளர் வேலை. வீரர் தம்மிடம் மனம்விட்டுச் சொன்னதைத் தளபதி கேட்டாலும் குரு சொல்லக் கூடாது. ஒப்புரவு (பாவ அறிக்கை) அருளடையாளத்தின் இரகசிய முத்திரை ஒருபுறம், படைச்சட்டமே தரும் பாதுகாப்பு இன்னொரு புறம். ‘குருவிடம் சொன்னால் மேலே போகாது’ என்ற நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அந்தப் படைப்பிரிவில் அவர் வேலை முடிந்தது.

போர்முனைத் திருப்பலிக்கு ஒரு பெட்டி போதும். மடித்து எடுத்துப்போகக்கூடிய பீடத் துணிகள், சிறு திருக்கிண்ணம், தட்டு, அப்பங்கள், திராட்சை ரசம், சிலுவை, இரண்டு மெழுகுதிரி, திருப்பலிப் புத்தகம். அந்நாளில் எல்லாம் லத்தீன். பீடம் என்பது ஜீப்பின் முன்மூடி. 1950 அக்டோபர் 7 அன்று எடுத்த புகைப்படம் இன்று உலகெங்கும் பார்க்கப்படுவது. ஜீப்பின் மேல் வெள்ளைத் துணி, எதிரே மண்டியிட்ட ஒரு வீரர், கை விரித்து நிற்கும் கப்பான். அப்பமும் ரசமும் தீர்ந்துவிட்டால் திருப்பலி இல்லை. வேறு எதையும் வைத்து ஈடுகட்ட முடியாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒப்புரவு கேட்க நேரமில்லாத மரண ஆபத்தில் பொதுப் பாவமன்னிப்பு தரலாம். அதற்கும் நிபந்தனை உண்டு. வீரர் மனம் வருந்த வேண்டும். உயிர் பிழைத்தால் பிறகு தனியாக ஒப்புரவு செய்ய வேண்டும். 1863 ஜூலை 2 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில், அருள்தந்தை வில்லியம் கார்பி ஐரிஷ் படைப்பிரிவுக்குத் தந்தது இந்த மன்னிப்பே. மற்ற மதத்தவர் சாகும் தறுவாயில் இருந்தால் அவர்களுக்குரிய செபத்தைச் சொல்லக் குரு தெரிந்துவைத்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வீரரின் கழுத்துத் தகட்டில் சமயத்தைக் குறிக்கும் எழுத்து பொறித்திருந்தது இதற்காகவும்தான்.

கப்பான் 1950 ஜூலையில் எட்டாவது குதிரைப்படை ரெஜிமெண்டோடு கொரியாவின் போஹாங்கில் இறங்கினார். பெயர்தான் குதிரைப்படை, நடந்து போரிட்டவர்கள். ஜீப்பும் பின்வண்டியும் திருப்பலிப் பொருள்களும் சண்டையில் போய்விட்டபோது, கிடைத்த ஒரு மிதிவண்டியில் பதுங்குகுழி பதுங்குகுழியாகச் சுற்றினார். வாயில் இருந்த புகைக்குழாயைத் துப்பாக்கிக் குண்டு ஒன்று தட்டிக்கொண்டு போனது. இறந்த வீரர்களின் வீட்டாருக்குக் கடிதம் எழுதுவதும் அவர் வேலைதான். ஆகஸ்ட் 2 அன்று கும்சோன் அருகே, குண்டுமழைக்கு நடுவே காயமுற்ற ஒருவரை மீட்டதற்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. இவ்வளவும் துணிச்சலான ஆன்மகுரு யாரும் செய்யக்கூடியதே. அவரைத் தனித்துக் காட்டுவது நவம்பரில் தொடங்குகிறது.

நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. உன்சான் ஊருக்கு அருகில் அன்று நான்கு திருப்பலி நிறைவேற்றினார். சாதாரணமாகக் குரு ஒருவர் நாளுக்கு ஒரு திருப்பலிதான். படைவீரர்கள் பல இடங்களில் பிரிந்திருந்ததால் போர்முனைக் குருக்களுக்குக் கூடுதல் அனுமதி இருந்தது. அன்று நள்ளிரவு தாண்டிச் சீனப் படைகள் பெருந்திரளாக வந்து மூன்றாவது பட்டாலியனைச் சூழ்ந்தன. உடலில் வலுவுள்ளவர்கள் தப்பிப் போக ஆணை பிறந்தது. குருவும் போயிருக்கலாம், போகச் சொன்னார்கள். அவரும் பட்டாலியன் மருத்துவர் கிளாரன்ஸ் ஆண்டர்சனும், நடக்க முடியாத காயக்காரர்களோடு தங்கினார்கள்.

தங்கியதோடு நிற்கவில்லை. காயக்காரர்கள் நடுவே ஒரு சீன அதிகாரியும் கிடந்தார். எதிரிகள் பதுங்குகுழிக்குள் வெடிகுண்டு வீசத் தொடங்கியிருந்த நேரம். கப்பான் அந்தச் சீன அதிகாரியை இணங்கவைத்து, அவர் வாயாலேயே வெளியே இருந்தவர்களுக்குச் சொல்லச் செய்து, உயிரோடு இருந்தவர்களைச் சரணடைய வைத்தார். பிறகு பள்ளத்தில் கணுக்கால் உடைந்து கிடந்த சார்ஜெண்ட் ஹெர்பர்ட் மில்லரின் தலைக்கு ஒரு வீரன் துப்பாக்கி நீட்டி நிற்பதைக் கண்டார். நேரே நடந்துபோய்த் துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு மில்லரைத் தூக்கிக்கொண்டார். அந்த வீரன் சுடவில்லை. மில்லர் உயிரோடு வீடு திரும்பினார். பின்னாளில் கப்பானுக்குப் பதக்கம் வழங்கிய விழாவிலும் இருந்தார்.

வடக்கே யாலு ஆற்றங்கரை நோக்கிய நடைப்பயணத்தில், நடக்க முடியாமல் விழுந்தவர்கள் பின்தங்கினால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தூக்குக்கட்டில் சுமக்க ஆள் வேண்டும். பட்டினியில் யாருக்கும் மனம் வரவில்லை. கப்பான் ஆணையிட முடியாதவர். தாமே கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். அதன்பின் மற்ற கைகள் வந்தன. அவர்கள் போய்ச் சேர்ந்தது பியோக்டாங்கில் இருந்த ஐந்தாம் எண் கைதிகள் முகாம்.

அந்தக் குளிர்காலத்தில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்கக் கைதிகள் 7,140 பேர், அவர்களில் சிறையில் இறந்தவர்கள் 2,701 பேர். நூற்றுக்கு 38. எப்படி இறந்தார்கள் என்று தெரிந்தால்தான் கப்பான் செய்த ஒவ்வொரு சிறு வேலையின் பொருளும் புரியும். உணவு தினையும் உடைத்த மக்காச்சோளமும், அதுவும் வயிற்றுக்குக் காணாது. பனியை அப்படியே தின்றவர்களுக்கும் அழுக்கு நீர் குடித்தவர்களுக்கும் வயிற்றுக்கடுப்பு. சத்துக்குறைவால் கால் வீங்கும் பெரிபெரி. பேன் மொய்த்து ரத்தம் குடிக்கும். அதைப் பொறுக்கக் கையில் வலுவில்லாதவர் சீக்கிரம் சரிவார். எல்லாவற்றையும்விடக் கொடியது, மனம் விட்டுப்போவது. சாப்பிட மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடுவார்.

ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வேலை வைத்திருந்தார். கூரைத் தகரத்தைக் கல்லால் தட்டிக் குழித்துப் பாத்திரம் செய்தார். பில்சன் பண்ணையில் பழகிய கை என்று முன்பு சொன்னது இதற்குத்தான். விடியுமுன் எழுந்து, வேலிக் குச்சிகளை உடைத்து எரித்து நீரைக் கொதிக்கவைத்து, “சூடான காபி!” என்று குரல் கொடுத்துக்கொண்டே குடிசை குடிசையாகக் கொண்டுபோவார். வெறும் வெந்நீர்தான். ஆனால் கொதித்த நீர் குடிப்பவருக்கு வயிற்றுக்கடுப்பு குறையும். சூடான ஒன்று கைக்கு வரும்போது எழுந்து உட்காரவும் தோன்றும். வயிற்றுக்கடுப்பில் கிடந்தவர்களின் அழுக்குத் துணிகளைத் துவைத்தார். வலுவிழந்தவர்களின் உடலிலிருந்து பேன் பொறுக்கினார். தம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஒரு கம்பளி வாங்கி, அதை வெட்டிக் காலுறைகள் தைத்தார். உறைபனியில் பாதம் போனால் நடை போகும், நடை போனால் உயிர் போகும். பிணம் புதைக்கும் வேலைக்கு முன்வந்து போனார். செத்தவர்களின் உடையைக் கழற்றித் துவைத்து உயிரோடிருந்தவர்களுக்குப் போட்டார். இதைப் படித்து முகம் சுளிப்பவர் இருக்கலாம். அந்தக் குளிரில் ஒரு மேல்சட்டை ஒரு மனிதனுக்குச் சமம்.

உணவு திருடவும் செய்தார். மறைக்க வேண்டிய செய்தி அல்ல. பங்கீடு வாங்கப் போகும் குழுவோடு ஒட்டிக்கொள்வார். மற்றவர்கள் காவலர்களோடு சச்சரவு கிளப்பும்போது இவர் களஞ்சியத்துக்குள் நழுவிச் சாக்கோடு வெளியே வருவார். போகுமுன் இயேசுவோடு சிலுவையில் அறையுண்ட நல்ல கள்வனான புனித திஸ்மாசிடம் வேண்டிக்கொள்வார். கொண்டுவந்ததைத் தமக்கென்று வைத்துக்கொண்டதில்லை; பொதுவில் வைப்பார். அதைக் கண்டபின், தாங்கள் ஒளித்துவைத்ததை வெளியே எடுத்தவர்கள் உண்டு. அதிகாரிகளையும் சாதாரண வீரர்களையும் சீனர்கள் தனித்தனியே அடைத்திருந்தார்கள். அவர் வேலியைத் தாண்டி வீரர்களின் குடிசைகளுக்குப் போய்ச் சின்னஞ்சிறு செபம் சொல்லிவிட்டு அடுத்த குடிசைக்கு நகர்வார். நீண்ட வழிபாடு நடத்தினால் பிடிபடுவார்கள், தண்டனை எல்லாருக்கும். ஆதலால் செபத்தின் அளவையே சுருக்கிக்கொண்டார்.

1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டின்படி, பிடிபட்ட ஆன்மகுரு போர்க்கைதியே அல்லர். கைதிகளின் சமயத் தேவைக்கு வேண்டிய அளவில் மட்டும் அவரை நிறுத்திவைக்கலாம், அவர்களைச் சந்திக்க வசதி செய்து தர வேண்டும், இல்லையேல் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த முகாமில் நடந்தது நேர்மாறு. செபமே குற்றமாயிற்று. அரசியல் வகுப்புகளில் கடவுளைப் பழித்துப் பேசியபோது அவர் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

1951 மார்ச் 25, உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்). அப்பமும் ரசமும் இல்லாததால் திருப்பலி இல்லை. விடியற்காலையில், இடிந்த ஒரு கட்டடத்தில், கடன் வாங்கிய திருப்பலிப் புத்தகத்தை வைத்து இயேசுவின் பாடுகளை வாசித்தார். செபமாலை சொன்னார். கத்தோலிக்கர், புரோட்டஸ்டன்ட், யூதர், நம்பிக்கை இல்லாதவர் எல்லாரும் நின்றார்கள். ஒரு வாரத்துக்குள் சரிந்து விழுந்தார். காலில் ரத்தம் உறைந்திருந்தது. கைதி மருத்துவர்கள் காலைத் தூக்கிக் கட்டி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தேற்றினார்கள். அடுத்து வயிற்றுக்கடுப்பு, அதன்பின் நிமோனியா. தேறிவரும் வேளையில் காவலர்கள் வந்து ‘மருத்துவமனை’க்குத் தூக்கிப் போகச் சொன்னார்கள். மருந்தோ பராமரிப்போ இல்லாத அந்தக் கட்டடத்துக்குக் கைதிகள் வைத்த பெயர் சாவுவீடு. தூக்கிப் போன சக கைதிகள் முன்னால், தம்மைக் கொண்டுபோகும் காவலர்களை மன்னிக்கும்படி வேண்டினார். 1951 மே 23 அன்று இறந்தார். வயது 35. போர்க்களத்தில் குண்டடிபட்டு அல்ல, நோயிலும் பட்டினியிலும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். மறைசாட்சி என்றால் விசுவாசத்தின்மேல் கொண்ட வெறுப்பினால் கொல்லப்பட்டவர். கோட்டாறு மறைமாவட்டத்தின் தேவசகாயம் பிள்ளை 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்பட்டது அப்படி. 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்ததும் அந்த அடிப்படையில்தான். கப்பானின் சாவில் பட்டினி எவ்வளவு, நோய் எவ்வளவு, சமய வெறுப்பு எவ்வளவு என்று பிரித்து நிறுவுவது கடினம். பிடித்தவர்கள் அவரைக் குரு என்பதற்காகவே சாகவிட்டார்கள் என்று உடனிருந்த பலர் நம்பினார்கள். ஆனால் நம்பிக்கை வேறு, நிறுவுவது வேறு.

2017 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் நிலைக்குப் புதிய ஒரு வழியைத் திறந்தார்: உயிரைக் கையளித்தல். அதற்கு ஒருவர் பிறரன்பின் பொருட்டு, தாமே விரும்பி, விரைவில் வரும் உறுதியான சாவை ஏற்றிருக்க வேண்டும். அந்தக் கையளிப்புக்கும் காலத்துக்கு முந்திய சாவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். அதுவரை கிறிஸ்தவ நற்பண்புகளில் சாதாரண அளவிலாவது வாழ்ந்திருக்க வேண்டும். இறந்தபின் புனிதப் புகழ் நிலைத்திருக்க வேண்டும். புனிதர் நிலைக்கு முந்திய படியான அருளாளர் ஆவதற்குப் புதுமையும் (அற்புதமும்) வேண்டும். மறைசாட்சிக்கு இது தேவைப்படாது. உன்சானில் தப்பாமல் தங்கியது முதல் நிபந்தனைக்கும், முகாமில் தம் பங்கையும் உடல்வலுவையும் செலவழித்துச் சரிந்தது இரண்டாவதற்கும் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். 1993 முதல் ‘இறை ஊழியர்’ என்ற முதல் படியில் இருந்தவர், 2025 பிப்ரவரி இறுதியில் இந்த வழியில்தான் அடுத்த படியான ‘வணக்கத்திற்குரியவர்’ ஆனார். திருத்தந்தை ஜெமெல்லி மருத்துவமனையில் இருந்தபடியே ஒப்புதல் தந்தார். அருளாளர் ஆக ஒரு புதுமை, புனிதராக இன்னொன்று ஏற்கப்பட வேண்டும். எனவே இப்போது ‘புனிதர்’ என்று எழுதுவது அந்த விசாரணையை முந்திக்கொள்வது.

உடலைப் பற்றியும் ஒரு திருத்தம். ‘வட கொரியாவில் அடையாளமற்ற குழியில் கிடக்கிறார்’ என்ற பழைய வரி இன்னும் எடுத்தாளப்படுகிறது. 1954இல் நடந்த உடல் பரிமாற்றத்தில் அவர் எலும்புகளும் வந்துவிட்டன. ஆனால் அடையாளம் தெரியாதவராக ஹொனலுலு தேசியக் கல்லறையில் புதைக்கப்பட்டார். அக்காலத்தில் எலும்புகளுக்கு இட்ட பதப்படுத்தும் மருந்து டி.என்.ஏ.வைச் சிதைத்திருந்ததால் நெடுங்காலம் சோதனை கைகூடவில்லை. 2021 மார்ச்சில் அடையாளம் உறுதியானது. அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று அடக்கத் திருப்பலி நடந்து, இப்போது விசிட்டா பேராலயத்தில் இருக்கிறார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அவருக்கு 2013 ஏப்ரல் 11 அன்றுதான் வந்தது. பதக்கத்துக்குச் சட்டம் விதித்த காலவரம்பை நாடாளுமன்றம் விலக்கித் தர வேண்டியிருந்தது.

நம் நாட்டு ஏற்பாடு வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இரண்டையும் குழப்பிவிடக் கூடாது. இந்தியாவில் படைத்துறைக்கென்று தனிக் கத்தோலிக்க மறைமாவட்டம் இல்லை. இந்தியத் தரைப்படையில் பண்டிதர், சீக்கியரின் கிரந்தி, மௌல்வி ஆகியோரோடு கிறிஸ்தவக் குருவான பாத்ரேவும் சமய ஆசிரியராக, இளநிலை ஆணை அதிகாரி நிலையில், சேர்க்கப்படுகிறார். குருப்பட்டம் பெற்று, உள்ளூர் ஆயரின் அங்கீகாரப் பட்டியலில் இருப்பது பாத்ரேவுக்குரிய தகுதி.

தங்கள் நாளிதழில் இனி கப்பானைக் குறிப்பிடும்போது ‘வணக்கத்திற்குரிய எமில் கப்பான், படைத்துறை ஆன்மகுரு’ என்று அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த ஜீப் திருப்பலிப் படத்தைப் போட்டால், அது உன்சான் சண்டைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு எடுத்தது என்பதையும் படக்குறிப்பில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை